கடி வாங்க முன்னால் நின்ற அண்ணிக்கு

அண்ணி,

இன்று காலை பீரோவைத் திறந்தேன். உங்கள் நீலப் புடவை முழுக்க ரோஸியின் முடி. எத்தனை முறை துவைத்தாலும் போகாத அந்தப் பழுப்பு முடி. மணலிப் பக்கத்திலிருந்து கேஸ் வாடை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. அதையும் மீறிப் புடவையில் நாய் வாசனை. எனக்கு அழுகை வரவில்லை. நேற்று உங்கள் தம்பி வந்து பேசியது நினைவுக்கு வந்து கோபம்தான் வந்தது.

திருடன் வந்த அந்த மதியமும் அவர் இப்படித்தான் வந்து நின்றார். நான் கடை வேலையில் இருந்தேன். பூசை முடிந்து கோயிலிலிருந்து திரும்பிய நீங்கள், பின்கதவை உடைத்து உள்ளே இருந்தவனை நேருக்கு நேர் பார்த்துவிட்டீர்கள். உங்களைத் தள்ளிவிட்டு, கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். நான் வந்து சேர்ந்தபோது உங்கள் உதடு கிழிந்து வீங்கியிருந்தது.

"ரெண்டு பொம்பளைங்க தனியா இருந்தா இப்டித்தான். வூட்ட வாடகைக்கு வுட்டுட்டு எங்கூட வந்துடுங்க" என்றார் உங்கள் தம்பி. உங்கள் இன்னொரு தம்பியான என் கணவர் இறந்ததிலிருந்தே அவர் சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

அந்த வீங்கிய உதட்டோடு நீங்கள் கேட்டீர்கள்: "திருட வந்தவன் அவன். வூட்ட வுட்டு நான் ஏன்டா போவணும்?"

அடுத்த ஞாயிறே என்னை இழுத்துக்கொண்டு மணலி தாண்டி, டேங்கர் லாரிகள் நிற்கும் மைதானத்துக்குப் பின்னால் இருந்த நாய்ப் பயிற்சிக் கொட்டகைக்குப் போனீர்கள். பயிற்சி கொடுப்பவர் முதலில் காட்டியது கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கடுவன் நாய். "இவன் மூஞ்சப் பாத்தாலே ஒருத்தன் உள்ள வரமாட்டான்மா" என்றார். கையில் தடித்த திண்டு கட்டிய ஆள் ஓட, அது பாய்ந்து கவ்வியது. நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"வுடச் சொல்லுங்க" என்றீர்கள். அவர் கத்தினார். அது விடவில்லை. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டது.

"சொன்னா வுடாதா? அப்போ இதுகிட்டேர்ந்து திருடனுக்கு நாமதான் காவல் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்கு நடந்தீர்கள்.

அங்கேதான் ரோஸி இருந்தாள். குரைக்கவில்லை. எழுந்து நின்று நம்மைப் பார்த்தாள், அவ்வளவுதான். பாய் என்றதும் பாய்ந்தாள். "வுடு" என்ற ஒரே சொல்லில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். "கடிக்கிறது இன்னா பெருசு, தெரு நாயும் கடிக்கும். வுடுன்னா வுடணும். இவதான் நம்ம வூட்டுக்கு" என்றீர்கள்.

உடனே அனுப்பமாட்டேன், இரண்டு பேரும் வந்து பழக வேண்டும் என்றார் அவர். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பஸ் ஏறினோம். ரயில்வே பார்சல் ஆபீசில் ஆண்களோடு கத்திக் கத்தி வளர்ந்த உங்கள் குரலுக்கு ரோஸி முதல் நாளே கட்டுப்பட்டாள். என் குரல் தொண்டையைத் தாண்டவில்லை. "அக்கா, நீங்க கெஞ்சறீங்க. கெஞ்சினா அது கேக்காது" என்றார் அவர்.

கடைசி ஞாயிறு நீங்கள் செய்ததை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்தத் திண்ட எனக்குக் கட்டு" என்றீர்கள். "வேணாம்மா, உங்க வயசுக்கு..." என்று அவர் தயங்கினார்.

"என்னத் தள்ளினவன் வயசு பாத்தானா?"

வேறு வழியில்லாமல் திண்டைக் கட்டிவிட்டு, நீளக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ரோஸியை ஏவினார். அவள் பாய்ந்து உங்கள் கையைக் கவ்வினாள். தடுமாறிப் பின்னால் போனீர்கள். ஆனால் விழவில்லை. என்னைப் பார்த்துக் கத்தினீர்கள்: "இன்னாடி பாத்துகினு கீற? சொல்லு!"

"வுடு!"

அது என் வாயிலிருந்துதான் வந்தது. ரோஸி விட்டுவிட்டு என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் எச்சில் ஒழுகும் திண்டோடு நின்று சிரித்தீர்கள். திருடன் தள்ளிய நாளிலிருந்து நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ரோஸி நம் வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறை, முகம் தெரியாத ஒருவன் கேட்டின் கொண்டியைத் தூக்கினான். ரோஸி எழுந்து நின்றதைப் பார்த்துவிட்டு, தூக்கியதை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான் நடந்தது. மதிய வேளைகளில் நீங்கள் வாசல் கதவைத் திறந்து போட்டுத் தூங்கினீர்கள். நெஞ்சு வலி மட்டும் கேட்டைத் தட்டாமல் வந்துவிட்டது.

நேற்று உங்கள் தம்பி கூடவே ஓர் ஆளைக் கூட்டி வந்தார். "நாய இவுரு எடுத்துக்குவாரு. நீங்க துணிமணிய எடுத்து வைங்க" என்றார். அந்த ஆள் கழுத்துப் பட்டையில் கை வைக்கப் போக, ரோஸி உறுமிக்கொண்டு எழுந்தாள். "உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். வந்த ஆள் இரண்டடி பின்னால் போனார்.

"நான் போவல. அவளும் வரமாட்டா. டீ போடறேன், குடிச்சிட்டுக் கிளம்புங்க."

"யாரு கொடுத்த தெகிரியம் இது? நாய் கீதுன்னா?"

"நாய் உக்காந்துகினு கீது. பேசறது நான்."

டீயைக் குடிக்காமலேயே போய்விட்டார்.

என் குரல் உங்கள் குரல் மாதிரியே ஆகிவிட்டது என்கிறார்கள் தெருவில். இல்லை அண்ணி, இது என் குரல்தான். உள்ளே கிடந்ததை வெளியே வரவைக்கக் கடி வாங்க நின்றது நீங்கள். அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று மதியம் பெயின்டரை வரச் சொல்லியிருந்தேன். "கேட்டுல 'நாய் ஜாக்கிரதை'ன்னு எழுதிடட்டா?" என்று கேட்டார். வேண்டாம், இரண்டு பெயர் எழுதுங்கள் என்றேன். உங்கள் பெயரைச் சொன்னதும் தூரிகை நின்றது.

"பெரியம்மாதான் தவறிட்டாங்களே?"

"தெரியும். மேல அவங்க பேரு, கீழ என் பேரு. தெரு முனையிலேர்ந்தே தெரியணும். எழுதுங்க."