முப்பத்தோராம் குழாய்

உறுதியான கடைசித் தகவல் இது. உமது பதிவுக் கொப்பியில், முப்பத்தோராம் இலக்கத்துக்கு எதிரே, இவ்வாண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் நீர் எழுதிய வரி: "குழாய், கொட்டாஞ்சேனையில், பத்திரம்." சொன்னவர் ரிஸ்மியா, கட்டடக்கலைஞரான உமது காகிதங்களை ஒழுங்குபடுத்தும் ஹெவ்லொக் டவுன் காப்பகத்தில் வேலை செய்கிறவர். சென்ற வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். நேற்று அந்தக் கொப்பியின் பிரதி தபாலில் வந்தது.

"அங்கிள், லிஸ்ட்ல நாப்பத்தேழு குழாய். எங்கட்ட நாப்பத்தாறு தான் ஈக்கி. முப்பத்தொண்டு உங்கட்டயாம்?"

"ஓம், இருக்கு."

"அப்பாடா. அது தானே அந்த ஸ்டேஷன் பிளான்? அப்பாட வேலையிலயே அது தான் பெஸ்ட் எண்டு மகள் கனடாவில இருந்து ரெண்டு தரம் சொல்லிட்டாங்க. வியாழன் பத்து மணிக்கு நானே வந்து எடுக்கிறன்."

வரைபடங்களைச் சுருட்டி வைக்கும் அந்தக் குழாய் இப்போது மேசையில் என் முன்னால் கிடக்கிறது. தகரம். சாம்பல் வண்ணம், மூடியில் சிவப்பு மையில் உமது இலக்கம். துருவும் பூச்சி உருண்டையும் கலந்த வாசம். நீர் இறந்துபோய் இரண்டு மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. இரண்டு மாதமாக எனக்குத் துக்கமென்று ஒன்றும் தோன்றவில்லை. துணியை நனைத்துக் குழாயைத் துடைத்தபோதும் அப்படித்தான்.

வெள்ளவத்தையில் உமது வீட்டு மேல்மாடியில் அந்த வரைபடங்களை முதன்முதலாக விரித்துக் காட்டினீர். போருக்கு முன்னர் ஏதோ ஒரு போட்டிக்கென்று வரைந்தவை. கடலோர ரயில் நிலையம் ஒன்று. பதினொரு தாள்கள், வேறு பிரதி இல்லை. காத்திருக்கும் சனம் கடலைப் பார்க்க வேண்டும், ஆனால் உப்புத் தண்ணீர் முகத்தில் தெறிக்கக் கூடாது. அதற்காக ஒரு சுவரை மூன்று விதமாக வளைத்துப் பார்த்திருந்தீர். பரிசு கிடைக்கவில்லை, ஒருவரும் கட்டவும் இல்லை. "கட்டாத கட்டடம் இடியாது, ஐசே," என்று சொல்லிச் சிரித்தீர். ஆனால் தாள்களைச் சுருட்டும்போது உமது விரல்கள் ஓரங்களைத் தொட்ட விதத்தை நான் கவனித்தேன்.

பிறகு ரயில்களிலும் குண்டு வெடித்த காலம் வந்தது. வெள்ளவத்தையில் வாரத்துக்கு இரண்டு சுற்றிவளைப்பு. தண்டவாளம், மேடை, சுரங்க வழி, சமிக்ஞைக் கம்பம் என்று எல்லாவற்றையும் அளவோடு வரைந்து வைத்திருக்கும் ஒரு தமிழரிடம் இராணுவம் என்ன கேட்கும் என்பது நம் இருவருக்கும் தெரியும். ஒரு ஞாயிறு பிற்பகல் குழாயைக் குடைத் துணியில் சுற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தீர்.

"உமக்குப் பிரஸ் காட் இருக்கு. உம்மட வீட்டை அவங்கள் மேலோட்டமாத்தான் பாப்பாங்கள்."

"பிரஸ் காட்டைக் கண்டா ரெண்டு அடி கூடப் போடுவாங்கள்," என்றேன்.

"அப்ப அடியை நீர் வாங்கும், பிளானைக் குடுக்காதேயும்."

அலுமாரியின் மேல் வைத்தோம். என் மனைவி உமக்குத் தேநீர் தந்தார். சீனி கூட என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு கோப்பை குடித்தீர்.

ஏழு வாரங்களின் பின், ஒரு காலை, ஒலிபெருக்கியில் எல்லாரையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையின் இரு முனையும் அடைபட்டிருந்தது. மூன்று வீட்டுக்கு அப்பால் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நான் குழாயைத் திறந்தேன். தீப்பெட்டியையும் எடுத்துவிட்டேன்.

"எரிக்காதேங்கோ," என்றார் மனைவி. "புகையைக் கண்டா இன்னும் கெதியா வருவாங்கள். தண்ணியில போடுங்கோ."

குளியலறையில் உட்கார்ந்து கிழித்தோம். அந்தக் காகிதம் லேசில் கிழியாது. ஒவ்வொரு தாளையும் விரித்து, மடிப்பில் பிடித்து, இரண்டாக, நான்காக. துண்டுகளை அரிசி கழுவிய தண்ணீர் வாளியில் அமுக்கினார் அவர். மை கரைந்து தண்ணீர் நீலமானது. முதல் ஒன்பது தாள்களையும் என்னையறியாமல் பார்த்துக்கொண்டே கிழித்தேன். பிறகு பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

வந்தவர்கள் நால்வர். ஒருவன் அலுமாரி மேல் கையைவிட்டு, நான் மூடித் திருப்பி வைத்திருந்த குழாயை எடுத்து, "மே மொகக்த?", இது என்ன, என்று கேட்டான். படம் வைப்பது என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் இரு முனை மூடியையும் கழற்றினான். ஒரு முனையில் கண்ணை வைத்து யன்னலைப் பார்த்தான். "ஹிஸ்னே," என்றான். வெறும் குழாய் என்று அவனே சொல்லிச் சிரித்துக் குழாயை என் கையில் தந்துவிட்டுப் போனான். நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

ஆகவே தாள்கள் உள்ளே இருந்திருந்தால் அவன் பார்த்திருப்பான். இதை என் பக்க நியாயமாகச் சொல்லவில்லை. நடந்தது அது.

உம்மிடம் அந்த வார ஞாயிறே சொல்லியிருப்பேன். அதற்குள் உம்மைப் பிடித்துப் போனார்கள். இரண்டு நாள் விசாரணை. விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்களிடம் வந்தீர். தாடி முளைத்திருந்தது, சேட்டில் இரண்டு பொத்தான் இல்லை.

"குசினிப் பிளான் ஐசே, இரத்மலானையில ஒரு ஆசிரியர் வீட்டுக் குசினி. கிணத்துக்கு வட்டம் போட்டிருக்கிறன். பங்கரோ எண்டு நாலு மணித்தியாலம் கேட்டாங்கள். நாலு! கடைசியில எனக்கே சந்தேகம் வந்திட்டுது."

நாங்கள் மூவரும் சிரித்தோம். பிறகு, செருப்பைக் கழற்றும் முன்னமே, வாசலில் நின்றபடி கேட்டீர்: "முப்பத்தொண்டு?"

"பத்திரம்," என்றேன்.

உமது தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். அடுத்த முறை சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை என்பது எத்தனை வருஷம் என்று உமது கொப்பியைப் பார்த்தால் எண்ணலாம்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து, "என்ர பிள்ளை சுகமோ?" என்று அலுமாரியைப் பார்த்துக் கேட்பீர். "சுகம்" என்பேன். செய்தி ஒன்றை இரண்டு பேரிடம் கேட்காமல் அச்சுக்கு அனுப்பாத நான், என் வாயால் சொன்ன இதை மட்டும் வருஷம் தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு பொங்கலுக்கு, ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் கறையான் என்று பேச்சு வந்தது. நீர் கதிரையில் ஏறிக் குழாயை இறக்கினீர். நான் வாசற்படியில் நின்றேன். மனைவி அடுப்படியிலிருந்து வந்து என் பின்னால் நின்றார். இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தீர், பாரம் பார்ப்பதைப் போல. மூடியைத் தொடவில்லை. திருப்பி மேலே வைத்தீர்.

"தகரம் தானே, கறையான் வராது. அங்கேயே கிடக்கட்டும்," என்றீர். "தங்கச்சி, தேத்தண்ணிக்கு இண்டைக்கும் சீனியை அள்ளிக் கொட்டாதேங்கோ."

பிறகு கிரிக்கெட் கதைத்தோம்.

நீர் கண்டுபிடித்தீரா என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது. பதினொரு தாளின் பாரம் ஒரு கட்டடக்கலைஞரின் கைக்குத் தெரியாதா என்று சில நாள் நினைப்பேன். தெரிந்திருந்தால் கேட்டிருப்பீர் என்று சில நாள் நினைப்பேன்.

நேற்று வந்த பிரதியை வருஷ வரிசைப்படி வாசித்தேன். குழாயைத் தந்த பிறகு வந்த தை மாதத்தில்: "பதினொரு தாள்கள், குழாயுடன், கொட்டாஞ்சேனையில், பத்திரம்." அடுத்த வருஷமும் அதே வரி. அதற்கடுத்ததும். கறையான் பேச்சு வந்த அந்தப் பொங்கலுக்கு மறுநாள்: "குழாய், கொட்டாஞ்சேனையில், பத்திரம்." அன்றிலிருந்து இவ்வாண்டு வரை அது மட்டுமே. தாள்கள் இல்லை. ஒரு சொல்லும் அடித்துத் திருத்தப்படவில்லை.

பிரதியை மனைவியிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தார்.

"அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சு கொண்டு தான் எங்கட தேத்தண்ணியைக் குடிச்சிருக்கு." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வியாழன் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லப் போறீங்கள்?" என்று கேட்டார்.

"நடந்ததை."

"இவ்வளவு காலமும் எங்க வச்சிருந்தனீங்கள் அதை?"

 இன்னும் நிற்கும் காலி வீதிச் சோதனைச் சாவடிகளில் ரிஸ்மியாவிடமும் குழாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள், அதற்குக் காப்பகக் கடிதம் ஒன்று வேண்டும் என்பதை மட்டும் மனைவிக்கு நினைவூட்டினேன்.

இரவல் வாங்கிய வரைகோலும் வெள்ளைத் தாளும் வைத்துக் கீறிப் பார்த்தேன். எனக்கு வராது. ஆகவே நான் பார்த்த தாள்களை எழுத்தில் இறக்கியிருக்கிறேன். முதல் தாள்: கடலைப் பார்த்தபடி சனம் உட்கார இருபத்திரண்டு வாங்குகள். இரண்டாவது: கூரையின் குறுக்குவெட்டு, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அம்புக்குறி. நான்காவதில் அந்த வளைந்த சுவர், அதன் ஓரத்தில் அளவுக்காக நீர் வரைந்த குடை பிடித்த மனிதர். ஒன்பது தாள்கள், ஒன்பது பக்கங்கள். அவற்றைச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்துவிட்டேன்.

காப்பகத்தின் பட்டியல் மாத முடிவில் அச்சுக்குப் போகிறது. முப்பத்தோராம் இலக்கத்துக்கு எதிரே என்ன போடுவது என்பதை வியாழன் பத்து மணிக்கு ரிஸ்மியா என்னிடம் கேட்டு எழுதுவார். பத்தாவது தாளிலும் பதினோராவது தாளிலும் என்ன இருந்தது என்று அவர் கேட்டால் என்னிடம் தகவல் இல்லை. அவற்றை நான் கதவைப் பார்த்துக்கொண்டு கிழித்தேன்.