தூக்கம் குறவாணு

மீனாட்சிபுரம்,
12-2-1977

என் அன்பிற்கு உரியவருக்கு,

சித்தூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அன்று உங்கள் அம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை.

மற்றதை வரிசையாக எழுதுகிறேன். மாமா போனதிலிருந்தே அத்தை மெலிந்துகொண்டு வந்தார். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. இரவில் சோறு வேண்டாம் என்பார். கடுங்காப்பி மட்டும், பால் விடாமல், கசக்கக் கசக்க. போன வாரம் பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள், “உங்க மாமியா பால் ஊத்தீட்டு வர்ற வழியில நின்னுட்டே தூங்கறாங்க, எங்கூட்டு எருமையாட்ட” என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே சித்தூர் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் மலையாளி, பொறுமையான மனிதர். அத்தையை எடை பார்க்கும் எந்திரத்தில் ஏறச் சொன்னார். முள்ளைப் பார்த்துவிட்டு, “தூக்கம் வளரெ குறவாணு. கூட்டணம்” என்றார். எடை மிகவும் குறைவு, கூட்ட வேண்டும் என்பது அதற்குப் பொருள். இரவுச் சாப்பாட்டை விடக் கூடாது என்றும் சொன்னார். அத்தையின் முகம் வெளுத்தது. பலவீனம் என்று நினைத்தேன். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவர். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அவர் காதில் மலையாளம் தமிழாகத்தான் விழும் என்பது உங்களுக்குத் தெரியுமே.

வண்டித்தாவளம் தாண்டியதும் என் கையைப் பிடித்தார். “ஏங்கண்ணு, சும்மா ஏறி நின்னதுக்கே நான் தூங்கறதில்லீன்னு அந்த எந்திரம் சொல்லிப்போடுச்சே. இன்னும் என்னென்னத்தப் பாத்துதோ” என்றார்.

திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். எந்திரத்துக்கே தெரிந்த பிறகு என்னிடம் மறைப்பானேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

மாமா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று போன வைகாசியில் உங்களுக்கு எழுதினோம். தூங்கியது அவரல்ல. அன்று மாரியம்மன் நோம்பி. மாமாவுக்குக் காய்ச்சல், கஞ்சி குடித்துப் படுத்துவிட்டார். அத்தை பகலெல்லாம் விரதம் இருந்துவிட்டு, இரவு கறிச்சோறு வயிறு முட்டச் சாப்பிட்டு, அவர் கட்டிலை ஒட்டியே பாய் விரித்துப் படுத்தார். விடிந்து பார்த்தபோது தண்ணீர்ச் சொம்பு கதவருகே உருண்டு கிடந்ததாம். மாமாவின் கை கட்டிலுக்கு வெளியே, அத்தை தலை வைத்திருந்த இடத்துக்கு நேர்மேலே தொங்கியதாம். நான் எழுந்து வருமுன் அத்தை சொம்பை எடுத்து வைத்துவிட்டு, கையையும் மடக்கி மார்பில் வைத்துவிட்டார்.

“எத்தன தடவ கூப்புட்டாரோ, கண்ணு” என்றார். அன்றிலிருந்து இரவில் வயிற்றை நிரப்புவதில்லை. தூக்கம் வந்துவிடக் கூடாது என்றுதான் அந்தக் காப்பி.

டாக்டர் தூக்கத்தைக் கூட்டச் சொல்லிவிட்டார் என்பதை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். இப்போது பொழுது சாயும்போதே களியும் மோரும் சாப்பிடுகிறார், காப்பி காலையில் மட்டும். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். “நீ முழிச்சிருக்கறதானா நான் கண்ண மூடறேன். ஆராச்சும் ஒருத்தரு கேட்டுட்டு இருக்கோணும்.”

ஒப்புக்கொண்டேன். சாப்பிட்டால் கண் அசந்துவிடும் என்று நானும் இரவில் சாப்பிடுவதில்லை. வாயனசாலையில் இரவல் எடுத்த புத்தகத்தை விளக்கடியில் விரித்து, கடுங்காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். வெறும் வயிற்றில் அதைக் குடித்தால் நெஞ்சு படபடக்கும், அந்தத் துடிப்பே காதில் குரல் போலக் கேட்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். படித்ததை நம்புகிறவள் நான். இருந்தும் ‘தண்ணி’ என்று கேட்கும்போது, அத்தை விழித்துவிட்டாரா என்று முதலில் அவரைத்தான் பார்க்கிறேன். பிறகு எழுந்து போய் மாமாவின் வெறுங்கட்டிலின் தலைமாட்டில் தண்ணீர் வைக்கிறேன். விடிந்ததும் அவர் பார்க்குமுன் செடிக்கு ஊற்றிவிடுகிறேன்.

இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்று அத்தை சத்தியம் கேட்டார். நான் செய்து கொடுக்கவில்லை. உங்கள் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டுகிறவள் நான். இல்லாத வரியைச் சேர்த்துப் படிக்க என்னால் முடியும். அப்படிச் செய்ய மாட்டேன். அப்பா போனதற்கு அம்மாமேல் உங்களுக்கு வருத்தம் இல்லை என்றால், அந்த ஒரு வரியை நீங்களே எழுதுங்கள். வருத்தம் இருந்தால் எனக்கு மட்டும் தனியாக எழுதுங்கள்.

குவைத் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்தோடு சாப்பிடுங்கள். நிம்மதியாகத் தூங்குங்கள். மாரியாத்தா துணை இருப்பாள்.

உங்கள்
நாச்சம்மாள்

பி.கு.: உறையை ஒட்டாமல் சில நாள் வைத்திருந்தேன். நேற்று அத்தை, காவல் போதும், நீயும் படு என்றார். பால் கறக்கும் நேரம்வரை அவர் தூங்கினார். நான் தூங்கவில்லை.