உன் சுமேரிய நோட்டு

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது பக்கத்துச் சந்தில் யாருடைய மெத்தையையோ எரித்துக்கொண்டிருந்தார்கள். இலவம்பஞ்சு எரிகிற நாற்றம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்துவிட்டேன். ஆனால் முதல் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. பிள்ளைகளை வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும்.

நாம் இருவரும் ஒரே ஜூன் மாதத்தில் இந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கணக்கு, நீ பூகோளம். ஹாஸ்டலில் ஒரே அறை. எனக்கு இது புது இடம், உனக்கு வீடு. தாயை இழந்த ஆறு வயதுப் பிள்ளையாக எழுமலையிலிருந்து வந்து பெரியம்மாவின் கையில் வளர்ந்தவள் நீ. பள்ளியை நடத்திய அந்த சுவிஸ் தேசத்து அம்மாவை நாமெல்லாம் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய தாய்மொழியான ஜெர்மனை உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். ஊரிலிருந்து அவருடைய அண்ணன் அனுப்பிய, ஜெர்மனில் எழுதிய சுமேரிய இலக்கணப் புத்தகத்தையும் அவர்தான் உன் கையில் கொடுத்தார். "இது எனக்குத் தலைவலி. நீ படித்துப் பார், மகளே" என்றார்.

முதல் வாரத்திலேயே உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

"ஏத்தா, இங்க பாரு. நம்மள மாதிரியே வார்த்தைக்குப் பின்னால உருப ஒட்டுறாக. களிமண்ணுல எழுதிவச்சுட்டுச் செத்துப்போன சனம்."

"அப்ப நமக்குச் சொந்தக்காரங்கன்னு சொல்லப் போற. அதுதான இப்ப எல்லாரும் பேசுறாங்க."

"நா எங்க சொன்னேன்? ஒரே மாதிரி தையல் போடுறவ எல்லாம் அக்கா தங்கச்சியா?"

இப்படித்தான் நான் சுமேரிய வேற்றுமைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அந்தப் புத்தகத்தில் இருந்த சொற்களெல்லாம் மன்னன், கோயில், வயல், கால்வாய், ஆடு. மன்னனுக்கு 'லுகல்' என்று பெயர். அன்றிலிருந்து பெரியம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் நீ தலையைத் தூக்காமலே, "லுகல் வருது" என்பாய். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு வேற்றுமை எனக்கு ஒரு வாரம் பிடிபடவே இல்லை. மன்னன் வந்தான் என்றால் மன்னன் என்ற சொல்லோடு ஒன்றும் ஒட்டுவதில்லை. மன்னன் கால்வாய் வெட்டினான் என்றால் மட்டும் மன்னனுக்குப் பின்னால் 'எ' ஒட்டுகிறது. தமிழில் வந்தாலும் வெட்டினாலும் மன்னன் மன்னன்தானே என்று நான் சண்டைக்கு வந்தேன்.

"நீ கணக்கு டீச்சர்தான? ரெண்டு பட்டியலாப் போடு. ஒரு பக்கம் சும்மா வந்தவுக, போனவுக, தூங்குனவுக. இன்னொரு பக்கம் எதையாச்சும் ஒண்ணச் செஞ்சவுக. அவுகளுக்குத்தான் ஒட்டு."

போட்டேன். அன்னம்மா வந்தாள், ஒட்டு இல்லை. அன்னம்மா குழம்பு வைத்தாள், ஒட்டு உண்டு. சமையல்கார அன்னம்மா அப்போது வாசலில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய என்னத்துக்கு இழுக்குறீக? செத்த சனத்துப் பேச்சப் படிச்சு யாருகிட்டப் பேசப் போறீக?"

"ஒங்கிட்டத்தான். நீயும் நா சொல்றத எங்க கேக்குற?"

ஓர் ஆளுக்குக் கொடுத்தான் என்றால் 'ரா' ஒட்டும், ஆட்டுக்குக் கொடுத்தான் என்றால் அது கூடாது. நம் இலக்கணத்தில் உயர்திணை, அஃறிணை என்று பிரித்திருப்பதைப் போல அவர்களும் பிரித்திருக்கிறார்கள் என்று நீ கண்டுபிடித்த அன்று இரண்டு பாட வேளை உனக்கு வகுப்பு இருப்பதையே மறந்துவிட்டாய். மொத்தம் ஒன்பது வேற்றுமை. அவற்றை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாய். உலகச் சண்டை நடந்த காலம், காகிதம் கிடைக்கவில்லை. பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தை அடுக்கிச் சணல் நூலால் தைத்துக்கொண்டாய். வேற்றுமைக்கு ஒரு பகுதி, விதி தமிழில், கீழே பத்துப் பத்து வாக்கியம். "ஜெர்மன் தெரியாத ஒரு பொம்பளப்பிள்ள இத வச்சே படிச்சிரணும்" என்பாய். உனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட, "நோட்டு முடியட்டும்" என்றாய்.

நோட்டு முடிந்தது. அதே மாதம் உன் இருமலில் ரத்தம் வந்தது.

உன்னை மலையடிவார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மறுநாள் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். அழுதிருந்தார். "மெத்தை, பாய், துணிகள், எல்லாவற்றையும் எரித்துவிடு. புத்தகம், காகிதங்களை மூன்று நாள் வெயிலில் வைத்தால் போதும் என்று டாக்டர் சொல்கிறார். அவளுடைய எழுத்தை ஜாக்கிரதையாக வை" என்றார். இந்தச் சொற்களை நான் ஒன்றுகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

கிணற்றுக்குப் பின்னால் தென்னை மட்டைகளை அடுக்கினேன். அன்னம்மா மெத்தையை இழுத்துவந்து போட்டுவிட்டு, தூர நின்றுகொண்டாள். புத்தகத்தை வெயிலில் விரித்து வைத்தேன். நோட்டையும் அதன் பக்கத்தில் வைக்கத்தான் எடுத்தேன். தாள்களின் மூலைகள் பழுப்பேறி மழுங்கியிருந்தன. நீ நாக்கில் விரலைத் தொட்டுத்தான் தாள் புரட்டுவாய். நானும் அப்படித்தான். அதே மூலைகளை எச்சில் தொட்டு எத்தனை முறை புரட்டியிருப்பேன். அன்று காலை எனக்கும் தொண்டையில் ஒரு கரகரப்பு இருந்தது. வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. தூக்கி நெருப்பில் போட்டேன்.

"அது அவுக எழுதுனதுல்ல?" என்றாள் அன்னம்மா. என் தொண்டை இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

நீ திரும்பிவரமாட்டாய் என்று நினைத்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பதினான்கு மாதம் கழித்து எழுமலையில் உன் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டதாகக் கடிதம் போட்டாய். கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் சனிக்கிழமை வந்து சேர்ந்தேன். முற்றத்தில் புளியமரத்தடிக் கட்டிலில் ஒரு கை எலும்பாகக் கிடந்தாய்.

"கொண்டாந்தியா?"

"எத?"

"என்னத்தா கேள்வி இது. நோட்ட."

வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்துவந்தேன். "பெரியம்மா எல்லாத்தையும் எரிக்கச் சொல்லிட்டாங்க" என்று வாய் சொன்னது.

"பொத்தகத்தையுமா?"

"இல்ல. அத வெயில்ல வச்சோம்."

தம்பி மனைவி கொடுத்த கஞ்சியை வாங்கிக் கீழே வைத்தாய்.

"அவுக பொத்தகத்துக்கு வெயிலு. என் நோட்டுக்குத் தீ. நல்லாருக்கு."

"நீ அவங்ககிட்டக் கேட்டுராத. வயசானவங்க, சங்கடப்படுவாங்க."

"நா எதுக்குக் கேக்குறேன்? அவுக யாரு, நா யாரு?"

முப்பது வருஷ உறவை நீ அந்த ஒரு பேச்சில் முடித்துக்கொண்டாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நீ சொல்ல, பத்தடி தள்ளி உட்கார்ந்து நான் எழுதினேன். நாலு வாக்கியம் சொன்னால் மூச்சு வாங்கும். கண்ணை மூடிக்கொள்வாய். பிறகு விட்ட இடத்திலிருந்து பிசகாமல் தொடங்குவாய். ஐந்து மாதத்தில் ஏழு வேற்றுமை முடிந்தது. மிச்சம் இரண்டு. ஒன்று ஒருவரோடு கூட இருப்பதற்கு, மற்றது ஓரிடத்திலிருந்து விலகுவதற்கு. அந்த இரண்டின் விதிகளும் உனக்குக் குழம்பின, எனக்கோ நினைவிலேயே இல்லை.

"பெரியம்மாகிட்டப் புத்தகத்த வாங்கிட்டு வாரேன். ஒரு தடவ பாத்துக்க."

"அவுக பொத்தகம் எனக்கு வேணாம். உறுதியில்லாதத எழுதவும் வேணாம். விடு."

உன் கடைசி மாதத்தில் பெரியம்மா வந்தார். அந்த வயதில் அந்த பஸ்ஸில், ஒரு கூடை சாத்துக்குடியோடு. உன்னிடம் இரண்டு வார்த்தை ஜெர்மனில் சொன்னார். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அவர் கூடையைப் பிடித்தபடி நின்றார்.

"தூங்குகிறாளா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்மா."

உன் கண் திறந்திருந்ததை நான் பார்த்தேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. அவர் வெயிலில் பஸ் நிற்கும் இடம்வரை நடந்து போனார். பன்னிரண்டாம் நாள் நீ போய்விட்டாய்.

சண்டை முடிந்து பெரியம்மா ஊருக்குக் கிளம்பினார். மதுரை ஸ்டேஷனில் எல்லோரும் மாலை போட்டோம். என்னை மட்டும் தனியே கூப்பிட்டுத் துணியில் சுற்றிய அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்தார். "இது அவளுக்குக் கொடுத்தது. உன்னிடம் இருக்கட்டும்" என்றார். பிறகு கேட்டார்: "நான் அவளுக்கு என்ன தவறு செய்தேன்? உன்னிடம் ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். வண்டி நகர்ந்துவிட்டது.

இப்போது உன் ஏழு வேற்றுமையும் என் கையெழுத்தில் இருக்கின்றன. புது நோட்டில் சுத்தமாகப் பிரதி எடுத்துவிட்டேன். நீ சொன்னபடி எந்தப் பெண்ணும் அதை வைத்தே படித்துவிடலாம், ஏழுவரைக்கும். மிச்ச இரண்டும் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. தாள்களைத் திருப்பிப் பார்க்கிறேன், ஒரு வரி புரிவதில்லை. அதைத் தமிழில் எழுதி அனுப்பக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். முதல் பக்கத்திலேயே தன் முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறார். கேட்டால் சந்தோஷமாகச் செய்வார். ஆனால் முழு நோட்டு ஒன்று இருந்ததே, அது என்ன ஆயிற்று என்று முதலில் கேட்பார்.