கிணற்றுத் தண்ணீரில் விட்ட மீன்

செவ்வாய்க்கிழமை.

இது நடக்கும் என்று மீன் விட்ட அன்றைக்கே நான் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரில் விட்ட மீன் இன்று சாயங்காலம் செத்து மிதந்தது. குளோரின் போக ஒரு நாள் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரில் விட்டது இன்னும் துள்ளுகிறது.

தோட்டத்துச் செம்பனை மரங்களுக்குக் களைக்கொல்லி அடித்ததிலிருந்து கிணற்றில் ஒரு வாடை. என் அக்கா மகள் துளசிக்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை. அவள்தான் இரண்டு போத்தலில் மீன் விட்டாள். "தண்ணி மட்டும்தான் வேற மாமா. மத்ததெல்லாம் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா எதனால செத்துச்சுன்னே தெரியாது" என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்தாள். இந்தத் தோட்டத்தில் என்னை விட்டால் யார்?

தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் மண்டோர் வந்து பார்த்தார். "தீனி எப்படிண்ணே போட்டீங்க?"

"ரெண்டுக்கும் ஒரே அளவு லா. நானே தராசுல நிறுத்துப் போட்டேன்."

தான் சொன்னபடியே நான் செய்தேன் என்று துளசிக்கு ஒரே பெருமை. மண்டோர், "அப்ப நாளைக்குக் காலையில லோரி வந்து மண்ணு கொட்டிக் கிணத்த மூடிடும்" என்றார். அக்கா முகம் சுண்டிப்போனது. குழாய் நின்றால் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் அத்தனைக்கும் அந்தக் கிணறுதான்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் தராசே கிடையாது. கிணற்றுத் தண்ணீர் மீன் சோர்ந்து கிடக்கிறதே என்று நேற்று அதற்கு மட்டும் ரொட்டி சானாய் பிய்த்துப் போட்டேன். தண்ணீரே கலங்கும் அளவுக்குப் போட்டேன். அது கிணற்றால் செத்ததா, என் கையால் செத்ததா, எனக்கே தெரியாது.