பூவரச மரத்து மணல் மூட்டை

அன்புள்ள மச்சானுக்கு,

சாந்தோமில் எல்லோரும் சுகம். ரங்கூனில் உங்கள் குத்துச்சண்டைப் பந்தயங்கள் எப்போதோ முடிந்திருக்கும். கப்பல் கிடைப்பதுதான் சிரமம் போலிருக்கிறது.

நீங்கள் குத்திப் பழகப் பூவரச மரத்தில் கட்டிய மணல் மூட்டையை அவிழ்க்க நேற்று உங்கள் தம்பி வந்தார். "இன்னும் எதுக்கு அண்ணி, சும்மா இடத்த அடைச்சிக்கினு கீது" என்றார். நான் விடவில்லை.

கடல் மணலை அடைத்தது நம் பிசகு. உப்பு ஈரத்தை இழுத்து, இரண்டு மழைக்காலத்தில் கல்லாகிவிட்டது. நீங்கள் வந்து குத்தினால் மணிக்கட்டு போய்விடும். அதனால் பிரித்து, பாதிக்கு மரத்தூள் போட்டுத் தைத்தேன். மறுபடி இறுகாமலிருக்க விடியலில் நானே குத்துகிறேன். உங்கள் முறைதான். முதலில் இடக்கை மெதுவாக, பிறகு மூட்டையைச் சுற்றி ஒரு நடை, அப்புறம் வலக்கை, கடைசியில் இரண்டும்.

நீங்கள் குத்தும்போதெல்லாம் மூட்டைக்கு அந்தப் பக்கம் தோள் கொடுத்து நின்றவள் நான். ஒவ்வொரு குத்தும் மணலுக்குள் புகுந்து என் தோளுக்கு வரும். இப்போது அந்தப் பக்கம் ஆளில்லை. குத்தினால் மூட்டை தள்ளிப்போய், திரும்பி என் மேலேயே வந்து சாய்கிறது.

நான் விலகுவதில்லை.

உங்கள் வீட்டுக்காரி