பதினொரு மணி மேடு

மார்ச் 3, செவ்வாய்

இடது கையின் மேல்புறம் ஒரு வெள்ளைப் பொத்தான் ஒட்டியிருக்கிறது. குளிக்கலாமாம், அரிக்காதாம். அரிக்கிறது.

காலையில் ஒரு நர்ஸ் வந்து எங்கள் பிரிவில் எட்டுப் பேருக்கும் ஒட்டிவிட்டுப் போனார். உடம்பில் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனில் கோடாகக் காட்டுமாம். எட்டுப் பேரில் ஒருவருக்கும் சர்க்கரை வியாதி கிடையாது. மேலாளர்தான் எங்கேயோ படித்துவிட்டு வந்திருக்கிறார். "வந்தப்புறம் குதிச்சு என்ன பிரயோஜனம்? இப்பவே பார்த்துக்கணும். எல்லார் கோடும் நேரா இருக்கணும்" என்றார். மதியத்துக்குள் கீச்சு அவருக்கு நேர்கோடு என்று பேர் வைத்துவிட்டாள். கீச்சு என் பக்கத்து மேஜை. அவள் குரலைக் கேட்டு நான் வைத்த பேர் அது.

எங்கள் கம்பெனிக்கு லிப்ட் பழுது பார்க்கிற வேலை. லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பட்டனை அமுக்கினால் முதலில் பேசுவது நாங்கள்தான். பயப்படாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, ஆள் வந்துகிட்டே இருக்காங்க. பன்னிரண்டு வருஷமாக இதையே சொல்கிறேன். என் குரல் கேட்டால் ஆட்கள் அடங்கிவிடுவார்கள் என்று பேர். ஏப்ரலில் பிரிவுத் தலைவி நாற்காலி எனக்கு என்று போன வருஷமே சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 5, வியாழன்

பதினொரு மணிக் கூட்டத்தில் நேர்கோடு சுவர் டிவியில் எட்டுக் கோடுகளையும் போட்டார். பேர் போடவில்லை, இருக்கை எண்தான். எட்டுப் பேர் உட்காரும் அறையில் நான்காம் இருக்கை யார் என்று யாருக்குத் தெரியாது?

நான்தான். நேற்றுப் பதினொரு மணிக்கு ஒரு மேடு. 96-இல் இருந்து 134.

"நேத்து ஃப்ரிட்ஜுல இருந்த பிறந்தநாள் கேக்குல ஒரு துண்டு குறைஞ்சுது. நான் யாரையும் சொல்லல" என்றார், என்னையே பார்த்துக்கொண்டு.

"நான் தொடவே இல்ல சார். காலைல எட்டு மணிக்கு வீட்டுல சாப்பிட்டதுதான்."

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா. யாருக்குக் காது குத்துறீங்க?"

சிரித்தார்கள். கடைசி இருக்கைக்காரர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பன்னிரண்டு வருஷமா எத்தனை பேரை அந்தப் பெட்டிக்குள்ள மூச்சு விட வெச்சிருக்கேன்! ஒரு துண்டு கேக்குக்குத் திருடி ஆயிட்டேனா? எனக்குக் கேக்கே பிடிக்காதே.

மார்ச் 6, வெள்ளி

மறுபடியும் மேடு. 131. என் கம்ப்யூட்டரில் யாரோ ஒரு கேக் படம் வரைந்து ஒட்டியிருக்கிறார்கள், செர்ரி எல்லாம் வைத்து.

மார்ச் 9, திங்கள்

அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"வாயைக் கட்ட முடியாதவங்க ஒரு பிரிவைக் கட்டி மேய்க்க முடியுமா? அதுகூடப் பரவாயில்ல. சாப்பிட்டேன்னு ஒத்துக்கவே மாட்டேங்கிறீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல."

நாற்காலி கடைசி இருக்கைக்காரருக்குப் போகிறதாம். மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டதாம்.

கழிவறையில் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த அழைப்பை எடுத்தேன். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் ஒரு பெரியவர். "பயப்படாதீங்க ஐயா" என்றேன். குரல் ஆடவில்லை.

அந்த ஆளை விட மாட்டேன். தேதி போட்டு எழுதி வைக்கிறேன். விட மாட்டேன்.

மார்ச் 11, புதன்

இன்று காலையில் சாப்பிடவே இல்லை. வெறும் தண்ணீர். பதினொன்று பத்துக்கு 129.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தெரியாம ஏதாவது வாயில போட்டுக்கிட்டியா?" என்றார். நீங்களுமா என்று கேட்டேன். தட்டை அவரே கழுவி வைத்தார், அது மன்னிப்பாம்.

எனக்கே சந்தேகம் வருகிறது. ஏதாவது வியாதியோ? இல்லை நிஜமாகவே தின்றுவிட்டு மறந்துபோகிறேனா — சீ, என்னையே என்னால் நம்ப முடியாமல் செய்துவிட்டான்.

மார்ச் 17, செவ்வாய்

பதினான்கு நாள் ஆனதால் பழைய பொத்தானைக் கழற்றிவிட்டுப் புதியது ஒட்ட நர்ஸ் வந்தார். யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"எதுவும் சாப்பிடாமலே ஏறுமாங்க?"

"ஏறுமே. பயந்தா ஏறும், கோபம் வந்தா ஏறும், தூக்கம் கெட்டா ஏறும். உள்ள சேர்த்து வெச்சிருக்கிற சர்க்கரையை உடம்பே எடுத்து விட்டுடும். அடிக்கவோ ஓடவோ தெம்பு வேணும்ல? உங்க நம்பர் ஒண்ணும் வியாதி இல்ல, பயப்படாதீங்க." பஞ்சால் கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு என்ன நடக்கிறது? கூட்டம் நடக்கிறது. நேர்கோடு உள்ளே வருகிறார்.

மார்ச் 18, புதன்

டிவியில் மற்றவர்கள் கோட்டையும் இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். எல்லோருக்கும் பதினொரு மணிக்கு மேடு இருக்கிறது! ஆனால் அவர்கள் பத்தே முக்காலுக்கு டீயும் பிஸ்கட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டால் பிஸ்கட் என்று சொல்லிவிடலாம். நான் டீ குடிப்பதில்லை. அதுதான் நான் செய்த குற்றம்.

மார்ச் 24, செவ்வாய்

நேற்றும் இன்றும் நேர்கோடு வெளியூர். கூட்டம் இல்லை. அதே டீ, அதே பிஸ்கட். என் கோடு படுத்துக் கிடக்கிறது, 94. டிவியில் மற்றவர்களின் மேடும் பாதிகூட இல்லை. போனை வைத்துக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரித்தேன். மாட்டினான்.

மார்ச் 25, புதன்

கீச்சுவிடம் மட்டும் சொன்னேன். அவள்தான் ஒவ்வொருவரிடமும் போய், இரண்டு வாரக் கோடுகளையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். கடைசி இருக்கைக்காரர் தவிர எல்லோரும் கொடுத்துவிட்டார்கள்.

அவளுடையதுதான் இருப்பதிலேயே பெரிய மேடு. அவர் இருந்தால் 158, இல்லாவிட்டால் 112.

"என்னோடதையும் வெச்சுக்கோங்கக்கா. ஆனா எது என்னோடதுன்னு மட்டும் தெரிய வேண்டாம். இந்த வேலையை விட்டா எனக்கு வேற வழியில்ல."

"நான் சொல்வேனாடி?" என்றேன்.

நேரே அவரிடம் காட்டிவிடலாம், ஒருவேளை மன்னிப்புக்கூடக் கேட்பார். எனக்கு மன்னிப்பு வேண்டாம். ஏப்ரல் 2 அன்று தலைமை அலுவலகத்திலிருந்து நிர்வாகி அம்மா இந்தத் திட்டத்தைப் பார்க்க வருகிறார். எல்லோர் முன்னாலும் என் மூக்கை அறுத்தாய் அல்லவா? எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொள்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நேர்கோடு தன் திட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் அளந்தார். முடிந்ததும் நான் எழுந்து, "நானும் ரெண்டு படம் காட்டலாமாம்மா?" என்றேன். அவர் இருந்த நாட்கள் ஒரு தாள், இல்லாத நாட்கள் ஒரு தாள். "ரெண்டு நாளும் அதே டீ, அதே பிஸ்கட். இவர் மட்டும்தான் இல்ல."

நிர்வாகி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நேர்கோடு விடவில்லை. "பேர் இல்லாத கோடு யார் வேணும்னாலும் வரையலாம் மேடம். இந்த 158 யாரு? அப்படி ஒரு ஆளே இங்க கிடையாது. கேளுங்க, சொல்லட்டும்."

நழுவப் பார்த்தார். நழுவியே விட்டிருப்பார்.

"இதோ இவளோடது" என்றேன். கை நீட்டிக் காட்டினேன்.

கீச்சு எழுந்து நின்றாள். "அவரைப் பார்த்தா உனக்கு இவ்வளவு பயமாம்மா?" என்று நிர்வாகி அம்மா கேட்டார். அறை முழுக்க அவளுடைய கையில் இருந்த பொத்தானைப் பார்த்தது. அவள் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். நிர்வாகி அம்மா இரண்டு தாள்களையும் மடித்துத் தன் பையில் வைத்தார். நேர்கோடு முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தை நான் சாகும்வரை வைத்துக்கொள்வேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

கீச்சு லீவு. போன் எடுக்கவில்லை. பேரைச் சொல்லியிருக்காவிட்டால் அந்த ஆள் தப்பித்திருப்பான். தப்பித்திருப்பான்தானே?

ஏப்ரல் 20, திங்கள்

நேர்கோட்டை ஊருக்கு வெளியே இருக்கிற உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு அட்டைப் பெட்டியோடு படி இறங்கினார். வேண்டுமென்றே எதிரில் போய் நின்றேன்.

"உங்க கோடு எப்படி இருக்கு சார்?"

பெட்டிக்கு மேலே ஒரு குடும்பப் படம் ஆடிக்கொண்டு இருந்தது. ஒன்றரை மாதம் காத்திருந்தது இதற்குத்தான். இனித்தது. மாலை வரை இனித்தது.

சுவர் டிவியை அணைத்தாயிற்று. பொத்தான் வேண்டும் என்பவர்கள் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரிவுத் தலைவி நாற்காலி எனக்கு. கடைசி இருக்கைக்காரர் வந்து கைகொடுத்தார். அந்தக் கேக் படம் வரைந்தது யார் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவருக்கு வியர்த்தது.

மே 6, புதன்

மதியத்துக்கு மேல் கீச்சுவின் அழைப்புகளைச் சரிபார்த்தேன். போன வாரம் லிப்டில் ஒரு கர்ப்பிணி மாட்டிக்கொண்டபோது, எந்த மாடி என்று கேட்க மறந்திருக்கிறாள். எதிரில் உட்கார வைத்து, அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி, எங்கே தவறினாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. என் குரல் எப்போதும் உயராது.

கொஞ்ச நேரத்தில் மேஜைமேல் இருந்த அவள் போன் மணி அடித்தது. அவள் இன்னும் பொத்தானைக் கழற்றவில்லை போல. திரையில் 140-ஐத் தாண்டியதற்கான சிவப்புக் குறி. சட்டென்று குப்புறப் போட்டாள்.

"பிஸ்கட் சாப்பிட்டேன் மேடம். அதான்."

இரண்டு மணியிலிருந்து என் எதிரில்தான் இருக்கிறாள். எதுவும் சாப்பிடவில்லை.

பொய் சொல்லாதே என்று வாய்வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன். "சரிம்மா, போ" என்றேன். நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.