ஹாஸ்டலில் படிக்கிற மகள்

என்னங்க, வாசலில் சங்கத்து வேன் ஹாரனை அலறவிடுகிறது. அவசரமாக எழுதுகிறேன்.

உங்கள் மேனேஜர் தாராளமாக வரட்டும். நம் பெண் ஹாஸ்டலில் படிப்பதாக அவரிடம் அளந்துவிட்டீர்களே, அதற்காக இன்று அவளை அறைக்குள் அடைக்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். பெற்றோர் சங்கத்துக்குக் கூட்டிப்போகிறேன். "அந்தக் கும்பல்ல நமக்கென்ன வேலை?" என்பீர்கள். அவளைப் போலவே நிதானமாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பெற்றவர்கள் யாரும் அவர்களை ஒளித்துவைப்பதில்லை.

சாப்பாடு மேஜைமேல். மேனேஜருக்கும் சேர்த்துத்தான்.

பி.கு.: அலமாரிக்குள் போட்ட அவள் படத்தை, அவர் போனதும் மாட்டிவிடுங்கள். சுவரில் ஆணி மட்டும் முழிக்கிறது.

இன்னொன்று. போன வாரம் சங்கத்திலிருந்து திரும்பும்போது கேட்டாள்: "அப்பாவுக்குத்தான் யாருமே இல்லையே, பாவம். அவரையும் அங்க சேத்துக்குவாங்களாம்மா?"